கிளாவர் ஏழு

தாத்தாவின் மர அலமாரியைக் காலி செய்தபோது துணிமூட்டைக்கு அடியில் ஒரு சீட்டுக்கட்டு கிடைத்தது. சுற்றியிருந்த ரப்பர் பேண்டு இற்றுப்போய் மேல் சீட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மூலைகள் எல்லாம் நைந்து, தொட்டால் துணியைத் தொடுவது போல இருந்தது. அம்மா அதைப் பழைய பேப்பர் குவியலில் போட்டுவிட்டாள். நான் எடுத்து வைத்துக்கொண்டேன்.

அன்று ராத்திரி உட்கார்ந்து எண்ணினேன். 52 இருந்தது. ஆனால் அதில் ஒன்று ஜோக்கர். ஜோக்கரின் வயிற்றுக்குக் குறுக்கே, உப்பளக் கணக்கு நோட்டுகளில் நான் பார்த்துப் பழகிய அதே நெட்டையான எழுத்தில், நீல மையில் எழுதியிருந்தது: “கிளாவர் 7”.

அந்தச் சீட்டு தொலைந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. தூத்துக்குடி வீட்டில் முழுப்பரீட்சை லீவு. திண்ணையில் ஆறேழு பேர் வட்டமாக உட்கார்ந்து கழுதை ஆடிக்கொண்டிருந்தோம். யாரிடமும் கிளாவர் இல்லை, ஆனால் கிளாவர் இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது என்று மாமா சாதித்தார். ஆட்டம் சண்டையில் முடிந்தது. எண்ணினால் 51தான். சரியாக எண்ணியிருக்க மாட்டோம் என்று மறுபடி எண்ணினோம், அதே 51. மாமா பிடிவாதமாகச் சீட்டின் நான்கு சாதிகளையும், கிளாவர், இஸ்பேட் என்று சின்னம் வாரியாக, தரையில் வரிசையாக அடுக்கிப் பார்க்கத் தொடங்கினார். தாத்தா, “இங்க கொண்டா” என்று கட்டை வாங்கினார். ஒவ்வொரு சீட்டாகக் கவிழ்த்துக்கொண்டே போனார். உதடு மட்டும் அசைந்தது. கடைசிச் சீட்டு விழுந்ததும், “ஏழு ஒண்ணு இல்ல” என்றார். பிறகு ஏழுகளை மட்டும் பொறுக்கிப் பார்த்துவிட்டு, “கிளாவர் ஏழு” என்றார்.

எங்களுக்கு அது மந்திரவாதம். அவர் உப்பளத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர் என்பதால் எல்லாவற்றையும் மனதுக்குள் கூட்டி வைத்திருப்பார் என்று நினைத்தேன். அப்புறம் ஒரு நாள் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார். “ஏட்டி, ஆஸ் ஒண்ணு, ஜாக்கி பதினொண்ணு, ராணி பன்னெண்டு, ராஜா பதிமூணு. கூட்டிக்கிட்டே வா. பதிமூணு வந்தா அதைத் தள்ளிரு. மிச்சத்தை மட்டும் வச்சிக்க.” அவ்வளவுதான். ஒன்றிலிருந்து பதிமூன்று வரை கூட்டினால் 91. அது நான்கு தடவை, 364. 364 என்பது 28 பதிமூன்று, மிச்சமே வராது. முழுக் கட்டாக இருந்தால் கடைசியில் கையில் ஒன்றும் நிற்கக் கூடாது. அன்றைக்கு அவர் கையில் ஆறு நின்றிருக்கிறது. ஆறுக்கும் பதிமூன்றுக்கும் நடுவே எவ்வளவு குறைகிறதோ அதுதான் தொலைந்த சீட்டு. 51 சீட்டைக் கூட்டியும் ஒன்றுமே நிற்கவில்லை என்றால், தொலைந்தது ஒரு ராஜா.

இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு இந்தக் கணக்கு அழகாகவே இருக்கிறது. நான்கு சாதி, ஒவ்வொன்றிலும் பதிமூன்று என்கிற ஒழுங்கு அவ்வளவு உறுதியாக இருப்பதால்தான், கண்ணில் படாத ஒரு சீட்டைக் கூடப் பெயர் சொல்லிக் கூப்பிட முடிகிறது.

சரி, ஏன் நான்கு? ஏன் பதிமூன்று? இதற்குப் பலரும் சொல்லும் விடை ஒன்று உண்டு. 52 சீட்டு என்பது வருஷத்தின் 52 வாரம், நான்கு சாதி நான்கு பருவம், 364-ஓடு ஜோக்கரைச் சேர்த்தால் 365 நாள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நான் இதை நம்பவில்லை. காரணம், இந்த 52 பிறந்த வீட்டில் சூரிய வருஷமே முதன்மையானது இல்லை.

நம் கையில் இருக்கும் கட்டின் பழைய தாய் என்று சொல்லத்தக்கது இஸ்தான்புல்லில், தோப்காபி அரண்மனையில் இருக்கிறது. எகிப்தை ஆண்ட மம்லூக்குகள் காலத்துச் சீட்டுகள். 1931-ல் லியோ மேயர் என்ற ஆய்வாளர் அவற்றைக் கண்டெடுத்தார். கிட்டத்தட்ட 25 சென்டிமீட்டர் நீளம், கையால் தீட்டிய வண்ணம், பொன் வேலைப்பாடு. நான்கு சாதி: கோப்பை, நாணயம், வாள், போலோ மட்டை. ஒவ்வொன்றிலும் பத்து எண் சீட்டு. மேலே மூன்று அரசவைச் சீட்டு: அரசர், அரசரின் நாயிப், இரண்டாம் நாயிப். நாயிப் என்றால் பதிலாள், துணை அதிகாரி. பத்தும் மூன்றும் பதிமூன்று. நான்கு பதிமூன்று 52. மனித உருவம் ஒன்றுகூட இல்லை. அரசர் யார் என்பதை எழுத்துதான் சொல்கிறது. அவர்கள் பின்பற்றிய ஹிஜ்ரி ஆண்டு நிலவை வைத்துக் கணக்கிடுவது, அதற்கு 354 நாள். 365-ஐ மனதில் வைத்து அவர்கள் இதைச் செய்திருப்பார்கள் என்பது எனக்குப் பொருந்திவரவில்லை. போதாததற்கு, 365 கணக்கை முடித்துவைக்கும் ஜோக்கர் அப்போது பிறக்கவே இல்லை.

அந்தக் கட்டைப் பற்றிப் படித்தபோது ஒரு விஷயத்தில் நின்றுவிட்டேன். 52-ல் 47தான் மிஞ்சியிருக்கிறது. அந்த 47-லும் எல்லாம் ஒரே கட்டைச் சேர்ந்தவை அல்ல. தொலைந்த சீட்டுகளுக்குப் பதிலாக வேறு கட்டிலிருந்து எடுத்துச் சேர்த்தவையும் இருக்கின்றன. பல நூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒருவர் சீட்டைத் தொலைத்துவிட்டு, ஆட்டம் நின்றுவிடக் கூடாது என்று வேறொன்றைச் சேர்த்து வைத்திருக்கிறார். அலமாரியில் கிடைத்த ஜோக்கரை எடுத்து மேஜை மேல் வைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தைத் திரும்பப் படித்தேன்.

52 என்பது தவிர்க்க முடியாத எண்ணும் இல்லை. ஜெர்மனியில் 32 சீட்டிலும் 36 சீட்டிலும் ஆடுகிறார்கள், ஸ்பெயினில் 40-லும் 48-லும். நம் நாட்டில் வட்டவட்டமாகக் கஞ்சிஃபா சீட்டுகள் இருந்தன. எட்டுச் சாதிக்குப் பன்னிரண்டு வீதம் 96. பாபர் 1527-ல் சிந்துவிலிருந்த ஷா ஹசனுக்குக் கஞ்சிஃபா அனுப்பியதைத் தன் நாட்குறிப்பிலேயே எழுதியிருக்கிறார். தசாவதாரக் கட்டில் பத்து அவதாரத்துக்குப் பன்னிரண்டு வீதம் 120. அத்தனை சீட்டையும் கையில் பிடித்து ஆடியவர்களை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

சீட்டு ஐரோப்பாவுக்குள் வந்தது பதினான்காம் நூற்றாண்டில். 1377-ல் ஃபிளாரன்ஸ் நகரம் அதற்குத் தடை போடுகிறது. அதே வருஷம் ரைன்ஃபெல்டன் ஊர் யோஹானஸ் என்ற துறவி அதை விவரித்து எழுதுகிறார். நாயிப் என்ற சொல்லும் கூடவே பயணம் செய்தது: ஸ்பானிய மொழியில் சீட்டுக்கு இன்றைக்கும் ‘நைப்பே’ என்றுதான் பெயர். போலோ மட்டைதான் பாவம். அந்த விளையாட்டைப் பார்த்திராத ஊர்களில் அது வெறும் தடியாக மாறியது. இத்தாலியிலும் ஸ்பெயினிலும் கோப்பை, நாணயம், வாள், தடி.

நம் கையில் இருக்கும் நான்கு வடிவங்கள் பிரான்சில், பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்தவை. இதயம், ஈட்டி முனை, தரை ஓடு, மூவிலை. இவை ஜெயித்ததற்குக் காரணம் அழகு மட்டும் இல்லை, மலிவு. ஒரே நிறம், தட்டையான வடிவம். அட்டையில் ஓட்டை வெட்டி வைத்துக்கொண்டு மேலே சாயத்தைத் தேய்த்தால் போதும். எண் சீட்டுகள் முழுவதும் சரசரவென்று தயாராகிவிடும். வாசலில் கோலஅச்சுத் தட்டை வைத்துப் பொடி தூவுகிறோமே, அதே வேலைதான். மரக்கட்டை அச்சு ராஜா, ராணி, ஜாக்கிக்கு மட்டும் தேவைப்பட்டது. மற்ற நாட்டுக்காரர்கள் ஒவ்வொரு சீட்டுக்கும் அச்சு செதுக்கிக்கொண்டிருந்த காலத்தில் இது பெரிய விஷயம்.

இனிப் பெயர்களுக்கு வருகிறேன். எனக்கு இந்தக் கட்டுரையை எழுதத் தோன்றியதே இதற்காகத்தான்.

எங்கள் வீட்டில் சொன்னது ஆட்டின், டைமன், கிளாவர், இஸ்பேட். கல்லூரி விடுதியில் முதல் வருஷம், ஒரு மழை நாள், அறையில் சீட்டாடினோம். “கிளாவர் இறக்கு” என்றேன். உடன் இருந்த ஒருத்தி சிரித்தாள். “கிளாவரா? அது கிளப்ஸ். ஆட்டின் இல்லை, ஹார்ட்ஸ்” என்றாள். மற்றவர்களும் சிரித்தார்கள். எனக்குக் காது சூடானது. தாத்தா ஆங்கிலம் படிக்காதவர், அதனால் தப்பும் தவறுமாகச் சொல்லியிருக்கிறார், நானும் அதையே பிடித்துக்கொண்டு வந்துவிட்டேன் என்று நினைத்தேன். அன்றிலிருந்து கிளப்ஸ் என்று சொல்லப் பழகினேன். லீவுக்கு ஊருக்குப் போனபோது தாத்தாவிடமே ஒரு தடவை திருத்திச் சொன்னேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். அதை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

அவர் சொன்னது தப்பே இல்லை. டச்சு மொழியில் அந்தச் சீட்டின் பெயர் கிளாவர். பொருள், மூன்று இலை கொண்ட ஒரு தீவனச் செடி. நம்மூர்ப் புளியாரை இலையை நினைத்துக்கொண்டால் வடிவம் பிடிபடும். இதயச் சீட்டு அவர்களுக்கு ஹார்ட்டன். ஆங்கிலத்து ஹார்ட்டில் இல்லாத அந்த ‘ன்’ ஆட்டினுக்கு எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறதா? 1658-ல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியையும் நாகப்பட்டினத்தையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்தார்கள். முத்துக்கும் துணிக்கும் வந்தவர்கள் கப்பலில் சீட்டையும் கொண்டுவந்திருக்கிறார்கள். அவர்கள் போய்விட்டார்கள்; கல்லறைக் கற்களில் அவர்கள் எழுத்து இருக்கிறது, திண்ணையில் ஆடுகிறவர்கள் வாயில் அவர்கள் சொல் இருக்கிறது. இலங்கையில் இது இன்னும் துலக்கம். சிங்களத்தில் நான்கு சாதிக்கும் பெயர் ஹாரத, ருயித, கலாபர, இஸ்கோப்ப. நான்கும் டச்சுதான். ருயித என்பது சாய்சதுரத்துக்கான டச்சுச் சொல், இஸ்கோப்ப மண்வாரிக்கான சொல்.

துருப்புச்சீட்டு என்று தேர்தல் காலத்தில் பத்திரிகைகள் எழுதாத நாள் இல்லை. அந்தத் துருப்பும் இந்தக் குடும்பம்தான்: டச்சில் ட்ரூஃப், இந்தியில் துருப்.

ஆங்கிலப் பெயர்களைப் பாருங்கள். கிளப் என்றால் தடி. சீட்டில் இருப்பதோ இலை. ஸ்பேட் என்பது வாளுக்கான ஸ்பானிய, இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. சீட்டில் வாளும் இல்லை. பிரெஞ்சு வடிவங்கள் வருவதற்கு முன்னால் இங்கிலாந்துக்காரர்கள் வாளும் தடியும் போட்ட சீட்டுகளை அறிந்திருந்தார்கள்; படம் மாறிய பிறகும் பழைய பெயர் தங்கிவிட்டது. ஆகவே கிளப்ஸ் என்ற சொல்லுக்குள் ஸ்பானியத் தடி இருக்கிறது, அதற்குள் எகிப்தின் போலோ மட்டை இருக்கிறது. விடுதித் தோழி சொன்னதும் பிழை இல்லை. ஆனால் சீட்டில் என்ன வரைந்திருக்கிறதோ அதை உள்ளபடி சொன்னது என் தாத்தாதான். நான் திரும்பவும் கிளாவருக்கே வந்துவிட்டேன்.

படச் சீட்டுகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் மகள் கோபித்துக்கொள்வாள். அவளுக்கு அவைதான் பிடிக்கும். நாம் புழங்குவது ஆங்கிலப் பாணி. பிரான்சின் ரூவான் நகரத்திலிருந்து இங்கிலாந்துக்கு ஏற்றுமதியான சீட்டுகளைப் பார்த்துப் பார்த்து, அச்சிலிருந்து அச்சுக்குப் படியெடுத்து வந்தது. படியெடுத்தவர்கள் கைதவறிய இடங்களெல்லாம் முகத்திலேயே தங்கிவிட்டன. ஆட்டின் ராஜா தன் தலைக்குள் தானே வாளைச் செருகிக்கொண்டிருக்கிறார். ஆதியில் அவர் கையில் இருந்தது கோடாலி, படியெடுக்கும்போது கோடாலியின் தலை காணாமல் போய்விட்டது. நான்கு ராஜாக்களில் மீசை இல்லாதவரும் அவர்தான். டைமன் ராஜா, ஆட்டின் ஜாக்கி, இஸ்பேட் ஜாக்கி மூவரும் பக்கவாட்டில் திரும்பியிருப்பதால் ஒற்றைக் கண். ராணிகளில் இஸ்பேட் ராணி மட்டும் செங்கோல் பிடித்திருக்கிறாள். இவர்கள் டேவிட், அலெக்சாண்டர், சீசர், சார்லமேன் என்று சிலர் சொல்வார்கள். அந்தப் பெயர்கள் பாரிஸ் பாணிச் சீட்டுகளுக்கு உரியவை. நம் ராஜாக்களுக்குப் பெயர் கிடையாது. பிரெஞ்சுப் புரட்சியின்போது 1793-ஐ ஒட்டி ராஜாக்களைச் சீட்டிலிருந்தே துரத்திவிட்டு, சுதந்திரம், சமத்துவம் என்று உருவங்களைப் போட்டுப் பார்த்தார்கள். நிலைக்கவில்லை. ஆடுகிறவர்களுக்கு ராஜா தேவைப்பட்டார்.

முன்பெல்லாம் அவர்களுக்குக் காலும் இருந்தது. தலைகீழாக வந்த ராஜாவைக் கையில் நிமிர்த்தி வைத்தால் எதிராளிக்கு ‘படச்சீட்டு வந்திருக்கிறது’ என்று தெரிந்துவிடும். அதனால்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரண்டு பக்கமும் தலை வைத்தார்கள். எண் சீட்டில் இன்னும் இந்தச் சிக்கல் மிச்சம் இருக்கிறது. கட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாருங்கள்: டைமனில் எந்தச் சீட்டைத் தலைகீழாக்கினாலும் அப்படியே இருக்கும், ஏழைத் தவிர. ஏழில் மட்டும் நடுவே இருக்கும் ஒற்றை டைமன் மேலே தள்ளி இருக்கும். கண்கட்டு வித்தைக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

இஸ்பேட் ஆஸ் ஏன் மற்ற மூன்று ஆஸைவிடப் பெரிதாக, பூ வேலையோடு இருக்கிறது என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். “அதுதானே ஆட்டத்தைத் தொடங்குது” என்று ஆச்சி சொன்னாள். கழுதையில் அது உண்மைதான். ஆனால் காரணம் வரி. இங்கிலாந்தில் ஆன் ராணி காலத்தில், 1711-ல், சீட்டுக்கட்டுக்கு வரியைக் கூட்டினார்கள். வரி கட்டியதற்கான முத்திரை ஒரு சீட்டில் விழ வேண்டும். அது இஸ்பேட் ஆஸ் என்று ஆனது. பின்னால் அந்த ஒரு சீட்டை அரசாங்க முத்திரை அலுவலகமே அச்சடித்துக் கொடுத்தது. கள்ள ஆஸ் அடித்தால் மரண தண்டனை. ரிச்சர்ட் ஹார்டிங் என்பவரை 1805-ல் இதற்காகத் தூக்கிலிட்டார்கள். கள்ள நோட்டைத் தடுக்க ரூபாய் நோட்டில் போடும் வேலைப்பாடு போலத்தான் அதில் அத்தனை சுழிகள். அந்த வரியே 1960-ல் போய்விட்டது. சுழிகள் போகவில்லை.

முதுகுப் பக்கமும் வெகு காலம் வெறுமையாகத்தான் இருந்தது. 1685-ல் கனடாவிலிருந்த பிரெஞ்சுக் குடியேற்றத்தில் படைவீரர்களுக்குச் சம்பளம் கொடுக்கக் காசு இல்லை. அங்கிருந்த அதிகாரி ஜாக் த மூல், ஊரிலிருந்த சீட்டுகளை வாங்கி, அதில் தொகையை எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பணமாக விநியோகித்தார். ஆட்கள் அதை வாங்கிக்கொண்டார்கள். கடைகளிலும் அது செல்லுபடியானது.

கட்டுக்குள் கடைசியாக வந்தவர் ஜோக்கர். 1860-களில் அமெரிக்காவில் யூக்கர் என்ற ஆட்டத்துக்காக, எல்லாத் துருப்பையும் வெல்லும் ஒரு சீட்டாக அவரைச் சேர்த்தார்கள். சாதி கிடையாது, எண் கிடையாது. 364 கணக்கில் அவருக்கு இடமில்லை. நம் ஊர் ரம்மி ஆட்டத்தில் எந்தச் சீட்டின் இடத்திலும் போய் உட்காருவார். மம்லூக் அரசவையில் பதிலாள் என்று ஒருவர் இருந்தாரே, அந்த வேலையை இப்போது இவர்தான் பார்க்கிறார் என்று எனக்குத் தோன்றும்.

போன மாதம் மகளுக்கு ஒரு புதுக் கட்டு வாங்கினேன். அவள் தாத்தாவின் கட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். “புதுசுல இருந்து கிளாவர் ஏழை எடுத்து இதுல வச்சிடலாமே அம்மா, அப்ப இது முழுசாயிடும்” என்றாள். எடுத்து வைத்துப் பார்த்தோம். புதுச் சீட்டு பழையதைவிட ஒரு நூலளவு பெரிது. முதுகுப் படமும் வேறு. கவிழ்த்துப் போட்டாலே தெரிந்துவிடும். அவளே திருப்பி எடுத்துப் புதுக் கட்டில் செருகிவிட்டாள். பிறகு பதிமூன்று தள்ளும் கணக்கை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். முதல் தடவை எட்டு நின்றது, இரண்டாம் தடவை பதினொன்று நின்றது. மூன்றாம் தடவை ஜோக்கரை ஏழாக எண்ணினாள். ஒன்றும் நிற்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மா வந்திருந்தாள். மூன்று பேரும் கழுதை ஆடினோம். மகள் சீட்டுகளை விசிறி போலப் பிடித்து மறைத்து மறைத்து வைத்துக்கொண்டாள். அம்மா கண்ணாடியைக் கூடப் போடவில்லை. எதிரே இருந்து அந்த விசிறியின் முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஓரமாக மடிந்திருந்த ஒரு சீட்டைக் காட்டி, “ஏட்டி, கிளாவர் இல்லன்னு சொல்லாத. ஏழு உன் கையிலதான் இருக்கு” என்றாள்.